கீன் துரை எழுதிய மூன்றடி

கதைக்குள் செல்லுமுன் கேட்பவர் மனத்தில் கொள்ள வேண்டியவை சில உண்டு. அவற்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நடுவில் நிறுத்தி விளக்கினால் கதை முறிந்துபோகும்.

முதலாவது, நிலத்தைப் பற்றியது. கொள்ளிடம் கடலோடு சேரும் இடத்துக்குத் தெற்கே நெடுமணற்குடி என்னும் மீனவர் ஊர் இருக்கிறது. அங்கே வடக்கில் ஒரு மணல்மேடு, தெற்கில் ஒரு மணல்மேடு. இரண்டுக்கும் நடுவே மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பள்ளம். ஆறு பெருகிக் கரையை உடைத்தால், மிகுந்த நீர் கடலுக்குப் போகும் வழி அந்தப் பள்ளமே. ஆனால் ஆறு அடிக்கடி கரையை உடைப்பதில்லை. இந்தக் கதை நடந்தபோது, உடைத்து இருபத்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இரண்டாவது, தொழிலைப் பற்றியது. ஊர் தானாக வளர்வது ஒரு வகை. ஓர் ஊரை முதலில் தாளில் வரைந்து, தெரு இது, குளம் இது, தோப்பு இது, எவரும் வீடு கட்டக் கூடாத வெளி இது என்று வகுத்து, பிறகு மண்ணில் எழுப்புவது இன்னொரு வகை. அவ்வாறு வரைவதையே தொழிலாகக் கொண்டவர்கள் அமெரிக்க தேசத்தில் இருந்தார்கள். அவர்களுள் ஒருவர் வில்லர்ட் கீன்.

மூன்றாவது, அந்த மனிதரைப் பற்றியது. அவர் தம் தேசத்தில் பதினோர் ஊர்களுக்குப் படம் வரைந்தவர். பதினோரிடத்திலும் யாராவது ஒருவர் வந்து, "இந்தத் தோப்பை எடுத்துவிடுங்கள், அந்த ஓடையை மூடிவிடுங்கள், அங்கே வீடு வரட்டும்" என்பாராம். இவர், "ஒரு கோட்டையும் மாற்றமாட்டேன்" என்று படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வெளியேறிவிடுவாராம். ஆகையால் அறுபத்து மூன்று வயதாகியும் அவர் வரைந்த ஊர் ஒன்றுகூட மண்ணில் எழவில்லை. பூங்கா இரண்டு, கல்லறைத் தோட்டம் ஒன்று. கண்ணால் கண்டவை அவ்வளவே. சாவதற்குள் தாம் வரைந்த ஒரு தெருவில் விளக்கு எரிவதைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. வேறு ஆசை அவருக்கு இல்லை.

இவ்வளவும் தெரிந்தால் போதும்.

முன்னே, வெகு முன்னே, இன்று மூச்சுவிடுபவர் எவரும் பிறந்திராத ஒரு காலத்திலே, பழைய நெடுமணற்குடியைக் கடல் தின்றதாம். ஒரே நாளில் தின்னவில்லை. ஆண்டுக்கு ஒரு தெருவாகத் தின்றதாம். கடைசித் தெருவும் போனபின், சனங்கள் மணல்மேட்டில் ஓலைக் குடிசை போட்டுக் கிடந்தார்களாம். பண்ணையார் ஒருவர் இரண்டு மேடுகளையும் நடுப்பள்ளத்தையும் அவர்களுக்கு எழுதிக் கொடுத்தாராம். ஒரு நிவாரணச் சங்கம், ஊரை வரைந்து தரக் கீன் துரையைக் கப்பலில் வரவழைத்ததாம்.

ஆடி மாதத்தில் வந்தாராம். வந்தவர் வரையவில்லை, நடந்தார். மேட்டில் நடந்தார், பள்ளத்தில் நடந்தார், நாற்பது நாள் நடந்தார். கூடவே ஞானாதிக்கம் நடந்தாராம். இவர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த உதவியாளர். துரையின் பேச்சைத் தமிழாக்கிச் சொல்பவரும், படத்தில் எண் எழுதுபவரும் இவரே.

துரை வயதானவர்களை ஒவ்வொருவராகப் பள்ளத்தில் நிறுத்திக் கேட்பாராம்: "பெருவெள்ளத்தில் தண்ணீர் உம் உடம்பில் எதுவரை வந்தது?"

பக்கிரி என்னும் கிழவர் கழுத்தைத் தொட்டுக் காட்டினாராம். "ஆனா ஒண்ணு தொரை, அப்ப நான் நிமிந்து நின்னேன். இப்ப கூனிப்போயிட்டேன். அதையும் சேத்து அளந்துக்கங்க."

துரை சிரிக்கவில்லையாம். கிழவரின் கூனையும் சேர்த்தே அளந்தாராம். மட்டக் கருவி வைத்துப் பார்த்தாராம். எப்படிப் பார்த்தாலும் ஐந்தடி வந்ததாம். ஐந்தடி என்றே நாட்குறிப்பில் எழுதிக்கொண்டாராம்.

ஆகவே படம் இப்படி அமைந்தது: வடமேட்டில் வீடுகள், தென்மேட்டில் வீடுகள், நடுப்பள்ளம் முழுவதும் வெறுவெளி. இரு ஓரமும் புன்னை மரங்கள். "இது தண்ணீரின் தெரு. இதில் யாரும் குடியேறக் கூடாது" என்றாராம். "தண்ணிக்குத் தெருவாம்டி!" என்று பெண்கள் சிரித்தார்களாம். சிரித்தாலும் ஒப்புக்கொண்டார்களாம், வலை உலர்த்த இடம் வேண்டாமா?

அந்த நேரத்தில்தான் வடக்கேயிருந்த கோரைமேடு என்னும் குப்பமும் கடலுக்குள் போயிற்றாம். முப்பத்தொரு குடும்பங்கள் சட்டிபானையோடு வந்து பள்ளத்தில் உட்கார்ந்தனவாம். அவர்களுக்காகப் பேசியவள் தில்லையம்மா. மீன்கூடை சுமந்து சுமந்து கழுத்து இறுகியவள்; யாருக்கும் தலை வணங்காதவள்.

"தொரை, ரெண்டு மேட்டுலயும் இடம் இல்ல. சரி. இது எதுக்குச் சும்மா கெடக்கு?"

ஞானாதிக்கம் மாற்றிச் சொன்னார். துரை, "தண்ணீருக்கு" என்றார்.

"எந்தத் தண்ணிக்கு? இருவத்தாறு வருசமா எட்டிப் பாக்காத தண்ணிக்கா? வராத விருந்தாளிக்கு எலை போட்டு வச்சிட்டு, வாசல்ல பசியோட நிக்கிறவளைப் போன்னு சொல்றீங்களே. ஒங்க ஊர்ல இதுதான் மொறையா?"

துரைக்கு முகம் சிவந்ததாம். மேற்கே பண்ணையாரின் சவுக்குத் தோப்பு உயர்ந்த நிலத்தில் இருந்தது. அதைக் கேட்டாராம், இல்லை என்றார் பண்ணையார். மறுபடி கேட்டாராம், இல்லை. மூன்றாம் முறை தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாராம். "கொடுத்ததையும் திருப்பி வாங்கிக்கொள்ளட்டுமா?" என்றாராம் பண்ணையார்.

பிறகு சர்க்கார் அதிகாரி வந்தாராம். "பள்ளத்தில் முப்பத்தொரு வீடு வரைந்து கையெழுத்துப் போடும். இல்லையேல் ஊர் முழுவதும் கோப்போடு தூங்கும்" என்றாராம்.

துரை படத்தைச் சுருட்டினாராம். பதினோர் முறை சுருட்டிய கை. வழி அந்தக் கைக்குத் தெரியும். வெளியே வந்தாராம். பள்ளத்தில் தில்லையம்மாவின் மருமகள் மூன்று கல் கூட்டி உலை வைத்திருந்தாளாம். ஓலைத் தடுப்புகூட இல்லையாம். காற்று நெருப்பைத் தின்றுகொண்டிருந்ததாம். துரை அங்கேயே நின்றாராம். நெடுநேரம் நின்றாராம். பிறகு திரும்பி உள்ளே போனாராம். படத்தை விரித்தாராம்.

முப்பத்தொரு வீடுகள் வரைந்தார். வீட்டுக்கு அடியில் மேடை. மேடையின் உயரம் எழுத வேண்டும். அதிகாரி, "மூன்றடிக்கு மேல் மண் அடிக்க உத்தரவு இல்லை" என்று முன்பே சொல்லியிருந்தார்.

ஞானாதிக்கம் பேனாவை மையில் தோய்த்துக்கொண்டு கேட்டாராம்: "ஐயா, ஐந்துதானே?"

துரை வாசலைப் பார்த்தாராம்.

"ஐயா, ஐந்து என்று எழுதட்டுமா?"

"மூன்று என்று எழுது."

எழுதினார். துரை கையெழுத்துப் போட்டார். அந்த அறையில் நடந்தது அந்த அறையிலேயே நின்றது. வெளியில் எவருக்கும் எவரும் சொல்லவில்லை.

ஊர் எழுந்ததாம். தை மாதம் அந்தி வேளையில் பள்ளத்து நடுத்தெருவின் முப்பத்தொரு வாசலிலும் விளக்கு வைத்தார்களாம். துரையின் ஆசை நிறைவேறிய நாள் அது. சனம் அவருக்கு மாலை போட்டதாம். அவரோ விளக்கைப் பார்க்கவில்லையாம். ஒவ்வொரு வாசற்படியின் உயரத்தையும் பார்த்துக்கொண்டே தெருவின் கடைசிவரை போனாராம். அதன் பிறகு கப்பல் ஏறச் சொல்லியும் ஏறவில்லை. வடமேட்டில் ஒரு கொட்டகை போட்டுக்கொண்டு, மழைக்காலந்தோறும் ஆற்றைப் பார்த்துக் கிடந்தாராம்.

முதல் ஆண்டு ஆறு கரைக்குள் போயிற்று. இரண்டாம் ஆண்டும் கரைக்குள் போயிற்று. மூன்றாம் ஆண்டு, கார்த்திகை மாதத்தில், ஒரு நாள் முற்பகலில், மேற்கே கரை உடைந்ததாம்.

தண்ணீர் தன் தெருவுக்கு வந்ததாம். முதலில் கணுக்கால் அளவு. துரை மேட்டிலிருந்து விழுந்தடித்து ஓடிவந்து, கதவு கதவாகத் தட்டினாராம். "மேட்டுக்குப் போங்கள்! மேட்டுக்கு!"

தில்லையம்மாவின் மருமகள் மேடையில் ஏறிக் குழந்தைகளை அணைத்துக்கொண்டு நின்றாளாம். "எதுக்குத் தொரை ஓடணும்? அளந்து கட்டின வீடாச்சே. நீங்கதான அளந்தீங்க?"

"பொய்!" என்று கத்தினாராம் துரை. "பொய் அளவு! நான் பொய்!"

தமிழ் குழறியதாம். வயசானவர் பயந்துபோய் உளறுகிறார் என்று நினைத்தார்களாம். "தொரையப் புடிச்சு மேட்டுல விடுங்கப்பா, பாவம்" என்றாளாம் அவள். அவரை நம்பியவர்கள்தான் வீட்டில் இருந்தார்கள், நம்பாதவர்கள் ஏறிவிட்டார்கள். முழங்கால், இடுப்பு, மேடை. மேடைக்கு மேல் ஓர் அடி. பிறகு இன்னோர் அடி. சுவர்கள் மண்சுவர்கள், கரைந்து விழுந்தன. இருவர் துரையைத் தூக்கிக்கொண்டு போய் மேட்டில் போட்டார்களாம். அங்கிருந்து அவர் எல்லாவற்றையும் பார்த்தாராம்.

இருபத்து மூன்று பேர். அவர்களுள் தில்லையம்மாவின் மருமகளும் இரண்டு பேரக்குழந்தைகளும் உண்டு. தில்லையம்மா அன்று மீன் விற்கப் போயிருந்தாள்.

எட்டாம் நாள் ஊர் கூடிற்றாம். துரை நடுவில் வந்து நின்று பேசினாராம். ஞானாதிக்கம் அதை அப்படியே சொல்லவில்லை. "துரை மிகவும் வருந்துகிறார்" என்று மாற்றிச் சொன்னாராம்.

துரை அவர் தோளைப் பிடித்து ஒதுக்கினாராம். "இல்லை" என்றாராம். ஐந்து விரலை விரித்துக் காட்டினாராம். "அளந்தது." இரண்டு விரலை மடக்கினாராம். "எழுதியது."

யாராவது அடிப்பார்கள் என்று ஞானாதிக்கம் கண்ணை மூடிக்கொண்டாராம். எவரும் அடிக்கவில்லை. தில்லையம்மா எழுந்து வந்தாளாம். அந்த விரல்களைப் பார்த்தாளாம்.

"எடத்த நான் கேட்டேன். நீங்க குடுத்தீங்க. அதுக்கு நானும்தான் பாவி. ஆனா அஞ்சுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, மிச்ச ரெண்டடி மண்ண நாங்க சொமந்திருப்போமே, தொரை. சர்க்காரா சொமக்கணும்? முப்பத்தொரு வீட்டுலயும் கூடை இருந்துச்சே. எங்ககிட்ட ஏன் சொல்லல?"

ஞானாதிக்கம் இதை மாற்றிச் சொல்லவில்லையாம். சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பிறகு முடிவானவை இவை.

மூன்று முறை கேட்டும் கிடைக்காத சவுக்குத் தோப்பைப் பண்ணையார் ஒரே நாளில் எழுதிக் கொடுத்தார். எஞ்சிய கோரைமேட்டுக் குடும்பங்கள் அங்கே குடியேறின. நடுத்தெருவில் மறுபடி வீடு எழவில்லை. அது இன்றுவரை வெறுவெளி. துரை முதலில் வரைந்த படம் எதுவோ, ஊர் இப்போது அச்சாக அதுவே. அந்த வெளிக்கு அவர் வைத்த பெயரை எவரும் சொல்வதில்லை. இருபத்து மூன்று பேர் தெரு என்பார்கள்.

துரை பங்குனிவரை இருந்தார். தோப்பு வீடுகளுக்கு மண் சுமந்தவர்களோடு தாமும் சுமந்தார். பிறகு கப்பல் ஏறினார். அதன்பின் அவர் எந்த ஊருக்கும் படம் வரையவில்லை என்று ஞானாதிக்கத்துக்கு வந்த ஒரே கடிதத்தில் இருந்ததாம்.

நெடுமணற்குடியில் வீடு கட்டுபவர், மேடை போடுமுன் அதன் அளவைத் தெருவில் நின்று உரக்கச் சொல்ல வேண்டும். அந்த வீட்டுப் பெண் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். கேட்கவில்லை என்று அக்கம்பக்கத்தில் ஒருவர் சொன்னாலும் மீண்டும் சொல்ல வேண்டும். சொல்லாமல் போட்ட மேடையை ஊரே கூடி இடித்துவிடும்.

அதற்குப் பின் நான்கு முறை ஆறு உடைத்திருக்கிறது. நான்கு முறையும் வெள்ளம் அந்த வெளி வழியாக, ஒரு வாசற்படியையும் தொடாமல், கடலுக்குப் போயிருக்கிறது. அந்த நேரங்களில் இரு மேட்டிலும் கதவைச் சாத்திக்கொள்வார்கள். எவரும் வெளியே வந்து பார்ப்பதில்லை.