விமானத்துக்கு ஒரு தனிக் கட்டுரை

ஸ்டேஷன் டீ நன்றாக இருக்கிறது மேடம், சர்க்கரைதான் கொஞ்சம் ஜாஸ்தி. நான் சங்கராபுரத்துக்காரன். கல்வராயன் மலையில் ஒரு பள்ளியில் புவியியல் ஆசிரியர். மிச்ச நேரத்தில் இணையக் கலைக்களஞ்சியத்துக்குத் தமிழில் கட்டுரை எழுதுகிறேன். அதற்குச் சம்பளம் கிடையாது, சால்வையும் கிடையாது.

சுஐப்பை ஏற்கெனவே விசாரித்திருப்பீர்கள். பஸ் ஸ்டாண்ட் எதிரே செல்போன் கடை. அவனும் அங்கே எழுதுகிறவன்தான், ஆனால் அடுத்தவன் எழுதியதை நீக்கச் சொல்வதில்தான் அவனுக்கு ருசி. போன வருஷம் களமருதூர் பக்கம் ஒரு பயிற்சி விமானம் நெல் வயலில் இறங்கிவிட்டது. அலைந்து திரிந்து கட்டுரை எழுதினேன். தகுதியில்லை என்று விவாதம் கிளப்பி நீக்க வைத்தான். கடைக்கே போய்ச் சண்டை போட்டேன்.

"கோச்சிக்காதீங்க சார். யாரும் சாவல. ஓட்டிக்கினு வந்தவரு எழுந்து டீ குடிச்சிட்டுப் போய்ட்டாரு. இதுக்கு இன்னாத்துக்கு சார் தனிக் கட்டுரை?" என்றான்.

கலைக்களஞ்சிய விதியும் அவன் பக்கம்தான் இருந்தது. நான் விதியை மதிக்கிறவன், திரும்பி வந்துவிட்டேன்.

இந்தத் தை மாதம் ஒரு சாயங்காலம், பள்ளி விட்டு பைக்கில் மலையிறங்கிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே ஒரு சின்ன விமானம் இருமிக்கொண்டே போய்க் கடுக்காய் மரங்களுக்குள் விழுந்தது. ஓடினேன். அங்கே முதலில் போய்ச் சேர்ந்தவன் நான்தான். உள்ளே இருந்தது அதை ஓட்டிவந்த பையன் ஒருவன்தான். தொடையில் தகடு கிழித்து ரத்தம் போய்க்கொண்டிருந்தது. நினைவு இருந்தது.

"அண்ணா, கொஞ்சம் தண்ணி குடுங்கண்ணா. ஆம்புலன்சுக்குப் போன் போடுங்க. எங்க வூடு திருநாவலூர், அம்மாவுக்காச்சும் சொல்லுங்கண்ணா" என்றான்.

என் பையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. செல்லில் சிக்னல் இல்லை என்று ஊரில் சொல்லியிருந்தேன். உங்களிடம் எதற்குப் பொய்? இருந்தது.

நியாயமாக யோசித்துப் பாருங்கள். ஒரு சம்பவத்தில் சம்பந்தப்பட்டவன் அதைப் பற்றிக் கட்டுரை எழுதக் கூடாது. அது எங்கள் விதி. தண்ணீர் கொடுத்தால் நான் சம்பந்தப்பட்டவன். போன் செய்தால் பேப்பரில் என் பெயர் வரும். அப்புறம் யார் எழுதுவது, சுஐப்பா? அதோடு பையன் பிழைத்துக்கொள்வான், மறுபடியும் 'யாரும் சாவல சார்' என்பார்கள். இந்த மலையில் எது நடந்தாலும் ஒருநாள் செய்தியோடு சரி. அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் உண்டு.

பத்திரிகைப் படங்களை நாங்கள் எடுத்துப் போட முடியாது என்பதால் நானே ஒரு படம் எடுத்தேன். இறந்த பிறகு எடுத்தால் மரியாதையாக இருக்காது, அதனால் முன்பே எடுத்தேன். பிறகு எதிரே ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தேன். அவன் அம்மாவைக் கூப்பிட்டான், என்னைக் கூப்பிட்டான், பிறகு கூப்பிடவில்லை. ஊர்ச்சனம் வந்தபோது நானும் அவர்களோடு சேர்ந்து நின்றேன்.

கட்டுரையைப் படித்தீர்களா? ஒரு வரிகூடச் சான்றில்லாமல் இல்லை. பெயர் சுபாஷ், ஊர் திருநாவலூர் என்பதைப் பத்திரிகையில் வந்த பிறகுதான் சேர்த்தேன். ஊரை அவன் வாயாலேயே கேட்டிருந்தேன், ஆனால் நேரில் கேட்டது எங்களுக்குச் சான்று ஆகாது. இந்த முறையும் விவாதம் நடந்தது. "பாவம் சார், இருக்கட்டும்" என்று சுஐப்பே எழுதினான். அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அதே சுஐப் என் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, பையனின் கண் கேமராவைப் பார்க்கிறது என்று உங்களிடம் ஓடி வந்திருக்கிறான். பரவாயில்லை. கட்டுரையை இனி அவனாலும் நீக்க முடியாது.

வாக்குமூலத்தைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். 'கொலை' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள் மேடம், அது பக்கச் சார்பு. அந்தப் பையன் சாகிறவரை அவன்மேல் நான் ஒரு விரல்கூட வைக்கவில்லை.