முன் படம், பின் படம்

விளம்பரம் வந்ததும் ரிமோட்டைத் தேடுகிறவர்களை எனக்குப் புரிந்ததே இல்லை. நாடகம் ஓடும்போது நான் துணி மடிப்பேன். விளம்பரம் வந்தால் மடிப்பதை நிறுத்திவிட்டு, சப்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு உட்காருவேன். நாடகத்தில் வருஷக்கணக்காக அழுகிறார்கள். விளம்பரத்தில் அரை நிமிஷத்தில் எல்லார் கஷ்டமும் தீர்ந்துவிடுகிறது. கறை போகிறது, பல் மின்னுகிறது, முறைத்துக்கொண்டு கிடந்த கணவன் ஒரு வாய் காபியில் வழிக்கு வருகிறான். மனிதர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்.

நடந்ததை ஆரம்பத்திலிருந்து எழுதித் தரச் சொன்னீர்கள், மேடம். அதனால்தான் அங்கிருந்து ஆரம்பிக்கிறேன். பேப்பர் கொடுத்தீர்கள், பேனா கொடுத்தீர்கள், மின்விசிறியைக்கூட என் பக்கம் திருப்பி வைத்தீர்கள். உங்கள் ஸ்டேஷனுக்கு விமர்சனம் எழுத இடமிருந்தால் நான் யோசிக்காமல் ஐந்து நட்சத்திரம் போடுவேன்.

பதினோரு வருஷம் ஒரு மருந்துக்கடையில் க்ரீம், ஷாம்பு, சோப்பு விற்கும் பகுதியில் நின்றேன். அங்கேதான் மனிதர்களைப் படித்தேன். பழைய சோப்பு, பழைய எடை, பழைய வாசனை. உறையில் மட்டும் ‘புதியது’ என்று ஒரு மஞ்சள் வட்டம் போட்டு வரும். அதைக் கையில் எடுக்கிறவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும். அடுத்த வாரம் வந்து, “நல்லா வித்தியாசம் தெரியுதுங்க” என்று சொல்வார்கள். நானும் அதைத்தான் வாங்கிப்போவேன், எனக்கும் வித்தியாசம் தெரியும். ஏமாந்துபோனோம் என்று யாரும் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. நம்பிக்கையை வாங்கத்தான் எல்லாரும் பை எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.

பிறகு நானே எண்ணெய் காய்ச்சத் தொடங்கினேன். பேர் ‘அக்கா எண்ணெய்’. கடையில் கிடைக்கும் எண்ணெய், நாலு வகை இலை, ஒரு துளிப் பச்சை நிறம், வாசனைக்கு ஒரு சின்னக் குப்பி. பாட்டில்களைக் கழுவித் துண்டின் மேல் கவிழ்த்துவைத்து, லேபிள் ஒட்டி, போனில் படம் போடுவேன். பார்க்க நானூறு பேர் இருந்தார்கள். அதில் பாதி, கடையில் என்னோடு வேலை பார்த்தவர்கள்.

அப்போதுதான் என் தங்கச்சியைப் பால்கனியில் திரும்பி நிற்கச் சொல்லி ஒரு படம் எடுத்தேன்.

அவளை வீட்டில் சின்னு என்று கூப்பிடுவோம். பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பில் வேலை. அம்மா போன பிறகு நானும் அவளும்தான். அவளுக்கு முழங்காலுக்குக் கீழே வரைக்கும் முடி. பஸ்ஸில் முன்பின் தெரியாத பெண்கள் “நெஜமா?” என்று கேட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள். அந்தப் படத்தைப் போட்ட ஒரே வாரத்தில் நானூறு ஒன்பதாயிரம் ஆனது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுப்பில் எண்ணெய், ஒரு கையில் கரண்டி, மறுகையில் போன். சின்னு லேபிள் ஒட்டுவாள், நான் மூடி திருகுவேன். முழங்கையில் லேபிள் ஒட்டிக்கொண்டதுகூடத் தெரியாமல் அவள் வேலைக்குப் போய், வந்த நோயாளிகள் எல்லாம் அவள் முழங்கையைப் படித்துவிட்டு எண்ணெய் கேட்டார்கள். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

எனக்குப் பொறாமை என்று நேற்று உங்கள் கான்ஸ்டபிள் சொன்னார். அது சரியில்லை, மேடம். என் முடி எலிவால். அதை நானே சொல்லி நானே சிரிப்பேன். சின்ன வயசில் அம்மா அவளுக்கு ஒரு மணி நேரம் தலை வாருவாள். சீப்பில் சிக்கும் முடியை எடுத்துச் சுத்தம் செய்து கொடுப்பது என் வேலை. எனக்கு வாரிவிட அம்மாவுக்கு நேரம் இருக்காது. அதில் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது, ஞாபகம்கூட இல்லை. பச்சைச் சீப்பு, இடப்பக்கத்திலிருந்து நாலாவது பல் உடைந்தது.

நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒருவர் வந்து எழுதினார். தன் முகத்துக்குப் பதில் கிளிப் படம் வைத்திருப்பார், பேர் இல்லை. நான் கிளிக்காரர் என்பேன். ‘பின் படம் சரி, முன் படம் எங்கே?’ அவ்வளவுதான் எழுதினார். அதற்கு முந்நூறு பேர் விருப்பம் போட்டார்கள். நியாயமான கேள்வி. எந்த விளம்பரத்திலும் இரண்டு படம் இருக்கும். தேய்ப்பதற்கு முன்னால் ஒன்று, தேய்த்த பின்னால் ஒன்று. ஒரே ஒரு படம் போட்டால் அது வெறும் அழகு. அழகைப் பார்த்து யாரும் பாட்டில் வாங்குவதில்லை.

மேக்கப் போடத் தெரிந்த தோழி ஒருத்தியைக் கூப்பிட்டு, சின்னுவின் தலையில் ரப்பர் தொப்பி மாட்டி, நாலு முடி ஒட்டி, ஒரு முன் படம் தயார் செய்தேன். சின்னு கண்ணாடியில் பார்த்துவிட்டு, “அக்கா, நான் நம்ம மாமா மாதிரியே இருக்கேன்” என்று சிரித்தாள். கிளிக்காரர் பத்து நிமிஷத்தில் பதில் போட்டார்: ‘காதுக்குப் பின்னால் மடிப்பு தெரிகிறது.’

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. என்னை நம்பி வந்த ஒன்பதாயிரம் பேர். அவர்களிடம் நான் பொய் சொன்னது வாழ்க்கையிலேயே அந்த ஒரு தடவைதான். அன்றைக்கே படத்தை எடுத்துவிட்டு, இனிமேல் போடுகிற ஒவ்வொரு படமும் நிஜமாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

மருந்துக்கடைக்கு வரும் கம்பெனிப் பிரதிநிதி ஒருவர் முன்பு ஒரு தொழில் ரகசியம் சொல்லியிருந்தார். பின் படத்தைத்தான் முதலில் எடுப்பார்களாம். ஆள் தூங்கி எழுந்து, குளித்து, வெளிச்சத்தில் தெளிவாக இருக்கும்போது எடுத்துவிட வேண்டும். “முன் படத்த எப்ப வேணா உண்டாக்கிக்கலாங்க” என்றார். அவர் சொன்னது விளக்கை அணைப்பதையும் தலையைக் கலைப்பதையும். நான் அதைக் கொஞ்சம் கூடுதல் அக்கறையோடு எடுத்துக்கொண்டேன்.

சின்னுவுக்கென்று தனியாக ஒரு ஷாம்பு தயார் செய்து, நீல பாட்டிலில் ஊற்றிக் குளியலறையில் வைத்தேன். அதில் என்ன சேர்த்தேன் என்று பிறகு எழுதுகிறேன். இப்போதே எழுதினால் மீதியை நீங்கள் நிதானமாகப் படிக்கமாட்டீர்கள்.

“எனக்கு மட்டும் ஸ்பெஷலாக்கா?” என்று கேட்டாள்.

“உனக்கு மட்டும்தான்டி. வேற யாருக்கும் குடுக்காத.”

மூன்றாவது வாரம் குளியலறையில் தண்ணீர் வடியவில்லை. அவள் கதவைத் திறந்துகொண்டு வந்தபோது கை நிறைய முடி வைத்திருந்தாள். எதையோ திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி நின்றாள். உச்சியில் மூன்று இடத்தில் தோல் தெரிந்தது. நடு வீட்டில் உட்கார்ந்து என் மடியில் தலையை வைத்தாள்.

“அக்கா, அம்மாவுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது. எனக்கும் அதேதானாக்கா?”

எங்கள் அம்மாவுக்கு வந்த வியாதியில் முடி முதலில் போனது, பிறகு மற்றதெல்லாம். சின்னுவுக்கு அப்போது பதினாலு வயசு. இப்போது என் மடித் துணியை விடாமல் பிடித்துக்கொண்டாள். எனக்கும் அழுகை வந்தது, மேடம், அதை நீங்கள் நம்ப வேண்டும்.

“அழாத. ஒண்ணுமில்ல. கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்பு” என்றேன்.

படம் மிக நன்றாக வந்தது. எந்தத் தொப்பியிலும் வராத படம். கண்ணீர்கூட நிஜம்.

மீதி முடியை அவளே வெட்டிவிடச் சொன்னாள். வெட்டிய பின்னலை ஒரு தலையணை உறையில் சுற்றி என் அலமாரியில் வைத்தேன். அதை என் தலையில் வைத்துப் பார்த்தேனா என்று கேட்டீர்கள். புது லேபிளின் நிறத்துக்குப் பொருந்துமா என்று தெரிந்துகொள்ள ஏழெட்டுத் தடவை வைத்துப் பார்த்திருப்பேன்.

அன்றைக்கே நீல பாட்டிலை எடுத்து ஒளித்துவிட்டேன். சாதாரண ஷாம்பு வாங்கி வைத்து, தினமும் காலையில் என் கையாலேயே எண்ணெய் தேய்த்து, தினமும் ஒரு படம் போட்டேன். மேடம், அந்த நூறு நாளைப்போல ஒரு சந்தோஷத்தை நான் அனுபவித்ததே இல்லை. பன்னிரண்டாவது நாள் பூனை முடி. முப்பதாவது நாள் புல் மாதிரி. ஊர் பேர் தெரியாதவர்கள் எல்லாம் காலையில் எழுந்ததும் என் தங்கச்சியின் உச்சந்தலையைத்தான் முதலில் பார்த்தார்கள். எண்பதாவது நாள் அவள் முடி விரலில் பிடிக்க வந்தபோது எத்தனையோ பேர் அழுததாக எழுதினார்கள். கிளிக்காரரே இரண்டு கைகூப்பும் படம் போட்டார். நான் சமையலறையில் கரண்டியோடு ஆடினேன். சின்னு துண்டைச் சுற்றிக்கொண்டு கூடவே ஆடினாள்.

நூறாவது நாள் நேரலை. சின்னு கேமராவைப் பார்த்து, “எங்க அக்கா இல்லன்னா நான் இல்லங்க” என்றாள். நான் எழுதிக் கொடுத்தது இல்லை, அவளாகச் சொன்னது. உலகத்தில் எந்தக் கம்பெனிக்கு இப்படி ஒரு வாடிக்கையாளர் கிடைப்பாள்.

முடி வளர்ந்துவிட்டால் கதை முடிந்துவிடுகிறது. இதுதான் இந்தத் தொழிலின் சங்கடம். நூற்றி இருபதாவது நாள் படத்தைப் பார்க்கப் பாதிப் பேர்கூட வரவில்லை. கிளிக்காரர், ‘ஒரு தடவை தானாகவே வளர்ந்திருக்கலாமே’ என்று எழுதினார். அதுவும் நியாயமான சந்தேகம்தான். ஒரு தடவை நடந்தால் தற்செயல், இரண்டு தடவை நடந்தால் நிரூபணம். நீல பாட்டிலை மறுபடி வெளியே எடுத்தேன். அவள் முடி குட்டையாக இருந்ததால் சீக்கிரம் தெரியட்டும் என்று கொஞ்சம் தாராளமாகவே கலந்தேன்.

இந்த முறை தோலும் கூடவே வந்தது. தோல் டாக்டர் அம்மா கட்டுப் போட்டுவிட்டு, இரண்டு இடத்தில் இனி முளைக்காது என்று சொல்லிவிட்டார். சின்னு அவரிடம், “எங்க அக்கா எண்ணெய் இருக்கு டாக்டர், போன தடவ அதான் காப்பாத்துச்சு” என்றாளாம்.

நான் மாட்டிக்கொண்டது அவளுடைய அன்பால்தான். என் பிறந்தநாளுக்குப் பரிசாக, எண்ணெயைப் பரிசோதனைக்கூடத்தில் கொடுத்து ஒரு சான்றிதழ் வாங்கிவந்து கண்ணாடி சட்டத்தில் மாட்ட நினைத்திருக்கிறாள். அதைப் பாட்டிலில் அச்சடித்தால் கிளிக்காரர் வாயடைத்துப்போவார் என்று தோல் டாக்டரிடம் சொல்லிச் சிரித்தாளாம். தலைக்கு வேறு என்னென்ன போடுகிறீர்கள் என்று பரிசோதனைக்கூடத்துப் படிவத்தில் கேட்டிருக்கிறார்கள். ஒழுங்கான பெண், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனாள். நீல பாட்டிலையும்.

சொன்னபடி இப்போது எழுதிவிடுகிறேன். அதில் நான் கலந்தது முடி நீக்கும் க்ரீம். இரண்டு தடவையும் நான்தான் கலந்தேன், தெரிந்தே கலந்தேன். எனக்கு யாரும் உதவி செய்யவில்லை. அவளுக்கு வியாதி எதுவும் இல்லை என்பது முதல் நாளிலிருந்தே எனக்குத் தெரியும். அம்மாவுக்கு வந்ததுதானோ என்று அவள் ஐந்து மாதம் பயந்ததும் தெரியும். பரிசோதனைக்கூடம் உங்களுக்கு அனுப்பிய அறிக்கையில் இதைப் பற்றி எழுதியிருப்பதெல்லாம் சரி. ஆனால் எண்ணெயைப் பற்றி, ‘குறிப்பிடத்தக்க பலன் எதுவும் இல்லை’ என்று ஒரு வரி போட்டிருக்கிறார்கள். அதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். நூறு படம் இருக்கிறது, எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

நேற்று சின்னுவை இங்கே கூட்டிவந்தீர்கள். தலையில் துணி சுற்றியிருந்தாள். அழவில்லை, திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“அந்த எண்ணெயாவது நெஜமாக்கா?”

“நெஜம்தான்டி” என்றேன்.

தலைத் துணியை இழுத்துச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள்.

இன்று காலை கான்ஸ்டபிள் தன் போனில் என் பக்கத்தைத் திறந்து காட்டினார். சின்னு தன் சொந்தப் பேரிலேயே விமர்சனம் போட்டிருக்கிறாள். ஒரு நட்சத்திரம். கீழே, ‘இதை என் தலையில் தேய்த்தது என் அக்கா’ என்று ஒரு வரி. வேறொன்றும் இல்லை. அதற்கு இதுவரைக்கும் நாற்பதாயிரம் பேர் விருப்பம் போட்டிருக்கிறார்கள், என் எந்தப் படத்துக்கும் இத்தனை பேர் வந்ததில்லை.

கேட்கிற இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன், மேடம். பதிலுக்கு என் போனை ஒரே ஒரு நிமிஷம் கொடுத்தால் போதும். ‘தங்களுக்கு ஏற்பட்ட அனுபவத்துக்கு வருந்துகிறோம். விடாமல் தொடர்ந்து தேய்த்து வாருங்கள், கட்டாயம் பலன் தெரியும்’ என்று அவளுக்கு ஒரு பதில் போட வேண்டும். வாடிக்கையாளர் மனசு நொந்து எழுதியதை அப்படியே விட்டுவிடுகிறவள் நான் இல்லை.