வாய்நோய் வகுப்பெடுத்த வைத்தியர் மொஹிதீன் அவர்களுக்கு, வாய் காட்டாத மாணாக்கர் படைக்கும் மடல்

ஊவா மலைநாட்டின் ஒப்பற்ற மருத்துவரே! பதுளை நகர் பெற்ற பண்பாளரே! பனியென்றும் மழையென்றும் பாராது, அப்புத்தளை முதல் மடுல்சீமை வரை மேடும் பள்ளமும் ஏறியிறங்கி, தேயிலைத் தோட்டங்களில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர்களாகிய எங்களுக்குப் புற்றுநோயின் முதற்குறிகளைப் புகட்டிய பெருந்தகையே! தலைகுனிந்து வணங்குகிறோம். அந்தக் குனிவில் மரியாதை பாதி, வெட்கம் பாதி.

எழுபதாம் ஆண்டு தாங்கள் வகுப்பைத் தொடங்கும் வரை, எங்கள் மருத்துவ ஞானம் முழுவதும் ஒரு போத்தல் ஊதா மருந்தில் அடங்கியிருந்தது. வாய்ப்புண்ணென்று வந்தவர்க்கெல்லாம் அதைப் பூசி, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குத் திருப்பியனுப்பினோம். வாரக்கணக்கில் ஆறாத புண்ணையும், சுரண்டினாலும் போகாத வெள்ளைப் படையையும், நோவில்லாத கட்டியையும் கண்டால், பூசிக்கொண்டிராமல் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டுமென்று அலுக்காது சலிக்காது கற்பித்தீர்கள்.

முதல் வகுப்பிலேயே டோர்ச்சைக் கையிலெடுத்துத் தாங்கள் சொன்னது இதுதான்: "தோட்டத்து ஆக்கள்ட வாயப் பாக்க முந்தி ஒங்கட வாயக் காட்டுங்க."

ஒருவரும் காட்டவில்லை. தோட்டத்தில் டாக்டரையா என்றழைக்கப்படும் நாங்கள் நோயாளியைப் போல வாய் பிளப்பதா என்று மிடுக்காக உட்கார்ந்திருந்தோம். உண்மையில், காவியேறிய பல்லைக் காட்ட வெட்கம். உள்ளே என்ன இருக்குமோ என்று பயம். ஆண்டுதோறும் கேட்டீர்கள், ஆண்டுதோறும் தேநீருக்கு நேரமாயிற்று என்றோம். தங்கள் ஓய்வையொட்டிய இன்றைய பிரியாவிடையின் வரவேற்புத் தட்டிலும் வெற்றிலையோடு புகையிலை வைக்க ஏற்பாடு செய்துவிட்டு, இம்மடலை எழுத உட்கார்ந்தபோதுதான் நாக்கைக் கடித்துக்கொண்டோம்.

எங்களுள் ஒருவர் மாடசாமி. மடுல்சீமைப் பக்கத் தோட்டமொன்றின் டிஸ்பென்சர். சென்ற மாதம், கொழுந்து பறிக்கும் லெட்சுமியின் கன்னத்துக்குள் ஆறாத புண்ணொன்றைக் கண்டார். தங்கள் பாடத்தை மறவாமல், மருந்து பூசாது, பதுளைக்குப் போகச் சொன்னார். லெட்சுமி அசையவில்லை.

"நீங்களுந்தானே பொகலை போடுறீங்க ஐயா. நீங்க மொதல்ல காட்டுங்க, பொறகு நான் வாறேன்" என்றார்.

மாடசாமி காட்டவில்லை. அவர் வாயிலும் சில மாதங்களாக ஒரு வெள்ளைப் படை இருந்தது. மனைவியிடம்கூட அதைச் சொல்லவில்லை. லெட்சுமியின் புண் இதற்குள் பெரிதாகிவிட்டது. பாடம் சரியாயிருந்தும், படித்தவரின் வீம்பால் ஒரு பெண்ணின் உயிர் ஊசலாடுவதை எண்ணிக் கூனிக் குறுகுகிறோம். இதை மறைக்காமல் எழுதச் சொன்னவர் மாடசாமியே.

ஐயா! எல்லாம் வல்ல இறைவன் தங்களுக்கு நோயற்ற நெடிய ஆயுளும், இல்லத்தில் இன்பமும், உள்ளத்தில் அமைதியும் அருள்வானாக! ஆனால் தங்கள் ஓய்வு நாளைக்குத் தொடங்கட்டும். லெட்சுமியை அழைத்து வந்திருக்கிறோம், பின்வரிசையில் இருக்கிறார். மாடசாமி காட்டினால் தாமும் காட்டுவதாகச் சொல்லித்தான் பஸ் ஏறினார்.

இம்மடலை வாசித்துக்கொண்டிருப்பவர் மாடசாமி. வாசித்து முடித்ததும் வாய் திறந்து தங்கள் முன் நிற்பார்.

இங்ஙனம்,
அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்கும்
ஊவாத் தோட்ட டிஸ்பென்சர்கள்
பதுளை, 1979