பக்கத்துக் கட்டிலில் காய்ச்சல்

ஏன் இந்த அவசரம், ராத்திரியில் எங்கே இழுத்துக்கொண்டு போகிறான் என்று கேட்டீர்களே, டிரைவர் அண்ணே... சொல்கிறேன். கண்ணாடியை ஏற்றிவிடுங்கள்.

நான்கு வருஷத்துக்கு முன்னால். மதியம் மூன்று மணி. இதே மாதிரி ஈ காக்கை இல்லாத சாலை. என் பக்கத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறானே என் சிநேகிதன், இவனுடைய மாமனார் வண்டியில் வருகிறார். ஏசி மெக்கானிக். மீட்டர் காட்டினால்தான் எதையும் நம்புவார். போன் அடித்தது. அவருடைய அப்பா. தொண்ணூறு வயது, முப்பத்திரண்டு பல்லும் கெட்டி. மகனுக்குத்தான் பல் எல்லாம் கொட்டிப்போச்சு.

“உங்கம்மாவுக்கு நெருப்பா கொதிக்குதுடா. சீக்கிரம் வா.”

அம்மா செத்து இரண்டு வருஷம்.

வீட்டுக்குள் நுழைந்தால் தைல வாசனை. அம்மா தேய்த்துக்கொள்கிற அதே தைலம். அப்பா மூச்சு வாங்க உட்கார்ந்து, பக்கத்துக் காலிக் கட்டிலைத் தடவிக்கொண்டிருந்தார். மெக்கானிக், ஏசி சூடு பார்க்கிற துப்பாக்கியை அப்பா நெற்றியில் காட்டினார். தொண்ணூற்றேழு. காய்ச்சல் இல்லை. சும்மா காலிக் கட்டிலிலும் காட்டினார்.

நூற்று நான்கு.

வெயில் என்று நினைத்துத் திரையை இழுத்துவிட்டார். ராத்திரி முழுக்க மணிக்கொரு தடவை பார்த்தார். அப்பா தொண்ணூற்றேழு. கட்டில் நூற்று நான்கு. இருட்டில் அந்தக் கட்டிலிலிருந்து பல் அடித்துக்கொள்கிற சத்தம்... டக டக டக.

விடியும்போது அப்பாவுக்குப் பேச்சு குழறியது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

“நுரையீரல்ல ஆரம்பிச்சு கிருமி ரத்தம் பூரா பரவிடுச்சு. நேத்தே வந்திருக்கலாமே?” என்றார் டாக்டர்.

“காய்ச்சலே இல்லையே டாக்டர்! விடிய விடிய பார்த்தேனே!”

“கிருமியோட சண்டை போட்டாத்தானே உடம்பு சுடும்? இந்த வயசுல பல பேருக்கு அதுக்கே தெம்பு இருக்காது.”

மெக்கானிக் டாக்டரின் காலில் விழுந்து கதறினார். சாயங்காலம் அப்பா போய்விட்டார். வீட்டில் அம்மா கட்டில் ஆறிக் கிடந்தது. விரிப்பு மட்டும் வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

இப்போது அந்த மெக்கானிக் மாமாவுக்கே எழுபது. அம்மா கட்டிலில்தான் படுக்கிறார். இன்று சாயங்காலம் இவனுக்குப் போன் செய்தார்.

“மாப்பிள்ளை... அப்பா கட்டில் சுடுது. எனக்குத் தொண்ணூற்றேழுதான் காட்டுது. பக்கத்து வீட்டுக்காரர் தொட்டுப் பார்த்துட்டு, ஜில்லுனுதானே இருக்கீங்கன்னு சிரிச்சிட்டுப் போயிட்டார். சீக்கிரம் வாங்க...”

அதற்கப்புறம் பத்துத் தடவை அடித்துவிட்டோம். ஒரே ஒரு தடவை யாரோ எடுத்த மாதிரி இருந்தது. பேச்சே இல்லை.

டக... டக... டக...

அண்ணே, கொஞ்சம் வேகமாப் போங்க. மாமாவுக்கு ஏது பல்?