கட்டக்காரரின் எட்டாயிரம் அடிகள்

உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நடக்க வேண்டும், சார். நீங்களும்தான். நான் வந்ததிலிருந்து நீங்கள் நாற்காலியை விட்டு எழவே இல்லை. இடுப்பைப் பிடித்துக்கொள்ளும்.

ஆஸ்பத்திரி மருந்தகத்தில் முப்பத்தோரு வருடம் நின்றே வேலை பார்த்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் கால் சும்மா இருக்கவில்லை. காலையிலும் மாலையிலும் நடப்பேன். வீட்டில் பேச ஆளில்லாதவனுக்கு நடப்பது சௌகரியம். வழியில் யாராவது மணி கேட்பார்கள்.

எதிர் வீட்டுக்காரர் நேர் எதிர். நில அளவைத் துறையில் வரைபடம் போட்டவர். ஓய்வுக்குப் பிறகு வாரப் பத்திரிகைக்குக் குறுக்கெழுத்து தயாரித்தார். அதனால் தெருவில் அவருக்குப் பெயர் கட்டக்காரர். என்னை எல்லோரும் கம்பவுண்டர் என்பார்கள்.

ஐந்நூறு புதிர்கள் கொண்ட புத்தகம் ஒன்றைப் பதிப்பகத்தார் கேட்டிருந்தார்கள். காலை ஏழு மணிக்கு மேஜையில் உட்கார்ந்தால் இருட்டும் வரை எழமாட்டார். கேட்டால், "ஆபீஸ்ல எட்டு மணி நேரம் உட்கார்ந்தேன், சம்பளம் குடுத்தாங்க. இப்ப பன்னெண்டு மணி நேரம் உட்கார்றேன், திட்டு குடுக்கறாங்க" என்பார்.

திட்டுவது அவர் மகள். விமானத்தில் நாலு மணி நேரத் தொலைவில் இருக்கிறாள். மணிக்கட்டில் கட்டும் பட்டை ஒன்றை வாங்கி அனுப்பினாள். எத்தனை அடி நடந்தார், நாடி எப்படி என்று அது அவள் போனில் காட்டிவிடும். ஒரு நாளைக்கு எட்டாயிரம் அடி என்று கணக்கு வைத்தாள். என்னிடமும் சொன்னாள்.

"மாமா, நீங்கதான் பார்த்துக்கணும். ஒரு மாசம் பார்ப்பேன். இப்படியே உட்கார்ந்திருந்தார்னா மூட்டை கட்டி இங்க கூட்டிட்டு வந்துடுவேன்."

ஒவ்வொரு நாளும் மாலை ஆறு மணிக்கு எனக்கு போன் செய்தாள். முதலில் அப்பாவைப் பற்றி மட்டும்தான். நாலாவது நாள், வைப்பதற்கு முன், "நீங்க சாப்பிட்டீங்களா மாமா?" என்றாள். கடைசியாக என்னை அப்படிக் கேட்டது யார் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

பட்டையை என் கையில் கட்டியது நான் இல்லை, சார். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டக்காரர்தான் கட்டினார்.

"யோவ் கம்பவுண்டர், நீ எப்படியும் ஊர் சுத்துற ஆளு. இதையும் சுத்திக் காட்டிட்டு வா. எனக்கு இன்னும் எண்பத்தெட்டு புதிர் இருக்கு."

"மகள் கண்டுபிடிச்சா?"

"அவ அடியைத்தான் எண்ணுவா. யாரு காலுன்னு பார்க்கவா போறா?"

அன்று எட்டாயிரத்து நானூறு வந்தது. மாலையில் அவள் குரலே வேறாக இருந்தது. "எப்படி மாமா எழுப்பினீங்க? நான் ஆறு மாசமா கத்தறேன்" என்றாள். பிறகு தன் அலுவலகம், மாடி வீட்டுக்காரியின் சத்தம், வாங்கிப் பிடிக்காமல் போன திரைச்சீலை எல்லாம் சொன்னாள். நாற்பது நிமிடம். மறுநாள் ஒன்பதாயிரம் நடந்தேன்.

மூன்றாவது வாரம் அவருடைய இடது கெண்டைக்கால் வீங்கியது. ஒரு கால் மட்டும். தொட்டால் சூடாக இருந்தது.

"இதென்னய்யா, ஒரு காலுக்கு மட்டும் இவ்வளவு கர்வம்?" என்று சிரித்தார்.

நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு கால் மட்டும் வீங்கினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். காலில் இரத்தம் உறைந்திருக்கும், அது நுரையீரலுக்கு ஏறினால் ஆளே போய்விடுவார். அதைக் கரைக்கும் மாத்திரையை எத்தனையோ பேருக்கு என் கையால் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். "தலையணை மேல காலை வைங்க, வடிஞ்சுடும்" என்றேன்.

அவர் மகளிடம் சொல்லிவிட்டார். அவள் உடனே ஒரு டாக்டரை வீடியோவில் பிடித்தாள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். டாக்டர் அடிக் கணக்கைப் பார்த்தார். "தினம் ஒன்பதாயிரம் நடக்கறீங்களே, பெரியவரே. தசை பிடிச்சிருக்கும். ரெண்டு நாள் பாருங்க, குறையலேன்னா நேர்ல வாங்க" என்றார். கட்டக்காரர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். அவரும் டாக்டரிடம் சரி என்று தலையை ஆட்டிவிட்டார். மகளிடம் பொய் சொன்ன வெட்கம் அவருக்கு. எனக்கு வெட்கமில்லை. உண்மை வெளியே வந்தால் அவரை அழைத்துப் போய்விடுவாள். அதற்குப் பிறகு எனக்கு எதற்காக போன் செய்வாள்? இதை மட்டும்தான் யோசித்தேன்.

வியாழக்கிழமை காலை பத்தரைக்குப் போனேன். மேஜையில்தான் இருந்தார். உதடு நீலமாக இருந்தது. மூச்சு மேலே மேலே வாங்கியது.

"கம்பவுண்டர்... ஆம்புலன்ஸ்..."

அவருடைய போன் அலமாரி மேல் இருந்தது. எனக்கு எட்டும். அவருக்கு எட்டாது. "இதோ" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன். பூங்காவை ஏழு சுற்று சுற்றினேன். வழக்கமாக ஐந்துதான். வெயில் அதிகமில்லை. திரும்பி வந்தபோது கட்டம் போட்ட தாள் மேல் கன்னத்தை வைத்திருந்தார். கறுப்புக் கட்டங்களை மட்டும் நிரப்பியிருந்தார். பேனாவுக்கு மூடியைப் போட்டேன். மை காய்ந்துவிடும் இல்லையா?

அன்று மாலை அவள், "மாமா, அப்பா இன்னைக்குப் பன்னெண்டாயிரம்! காலு சரியாயிடுச்சா?" என்றாள்.

"வலியே இல்லைன்னார்மா. எழுதிட்டிருக்கார். புத்தகம் முடியற வரைக்கும் தொந்தரவு பண்ணாதேன்னார்."

"நீங்க மட்டும் இல்லேன்னா அவர் என்ன ஆகியிருப்பாரோ, மாமா."

நான் அவளைத் திருத்தவில்லை. பெரியவர்களைப் பற்றி ஒரு பெண் நல்லதாக நினைப்பதை எதற்குக் கெடுக்க வேண்டும்?

ஏசியைப் பதினெட்டில் வைத்தேன். வெள்ளிக்கிழமை நடந்தேன். சனிக்கிழமை காலையும் நடந்தேன். ஓர் ஆச்சரியம் கொடுக்கலாம் என்று அன்று மதியமே அவள் சொல்லாமல் வந்து கதவைத் திறப்பாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? இறந்தவரின் நாடி ஐம்பது மணி நேரம் நிமிடத்துக்குச் சராசரியாக எழுபத்திரண்டு துடித்திருக்கிறது என்று நீங்கள் காகிதத்தைக் காட்டுகிறீர்கள். துடித்தது என் நாடி. ஒப்புக்கொள்கிறேன். அவரைச் சாக விட்டவன் நான். நோய் தெரியும், மருந்து தெரியும், போன் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. எழுதிக்கொள்ளுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு உதவி, சார். என் போனை உங்கள் ஆட்கள் வாங்கி அணைத்து வைத்திருக்கிறார்கள். மணி ஐந்தே முக்கால் ஆகிறது. அதைப் போட்டுக் கொஞ்சம் என் பக்கத்தில் வையுங்கள். அப்பாவும் போய்விட்டார், பாவம். ஆறு மணிக்குப் பேச என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?