மாற்று வேட்பாளர்

நேரம் தவறாமை எங்கள் குடும்பத்தில் எனக்கு மட்டும் வாய்த்த குணம். அண்ணன் தன் கல்யாணத்துக்கே தாமதமாக வந்தவர். வேட்புமனுவைக்கூடக் கடைசி நாளில், கதவைச் சாத்தப் போகிற சமயத்தில், நான்தான் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் கொடுக்கவைத்தேன். தன்னை நகர்மன்றத் தலைவராக்கியது மக்கள்தான் என்று அவர் மேடையில் சொல்லும்போது நானும் கைதட்டுவேன்.

நீங்கள் கேட்ட விதியை முதலில் சொல்லிவிடுகிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா. போன வருடம் தேர்தல் முறையைச் சீர்திருத்த ஒரு குழு போட்டார்கள். எத்தனையோ கூட்டம், ஏராளமான பிஸ்கட், உருப்படியாக ஒரே ஒரு யோசனை. அது என்னுடையது. ஒவ்வொரு வேட்பாளரும் ஒரு மாற்று வேட்பாளரின் பெயரைக் கொடுக்க வேண்டும். வாக்குப்பதிவு முடிவதற்குள் வேட்பாளர் இறந்தால் தேர்தலே ரத்து. முடிந்த பிறகு இறந்தால் விழுந்த வாக்குகள் செல்லும். அவர் ஜெயித்திருந்தால் மாற்று வேட்பாளர் பதவியேற்பார். மறுதேர்தல் செலவு மிச்சம் என்று பத்திரிகைகள் பாராட்டின.

இந்த முறையும் தலைவர் பதவிக்கு நின்ற அண்ணன் என் பெயரைக் கொடுத்தார். “உன்னை விட்டா வேற யாருடா?” என்று, படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

வாக்குப்பதிவு அன்று பிற்பகல், கட்சி அலுவலகத்தின் பின்னறையில், மிஞ்சிப்போன கொடிக் கட்டுகள் மேல் சாய்ந்தபடி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அண்ணி முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்தார்.

“இவருக்கு இப்படி வேர்த்துக் கொட்டுதே, தம்பி.”

“வெயில்ல அலைஞ்சது, அண்ணி. நீங்க இன்னும் ஓட்டுப் போடலையே? அஞ்சு மணிக்கு கேட்டைச் சாத்திருவாங்க. வேட்பாளர் பொண்டாட்டியே ஓட்டுப் போடலேன்னா ஊர் சிரிக்காதா?”

அண்ணி போனார். நான் கதவைத் தாழிட்டேன். தலைவருக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்தால் வரிசையில் நிற்பவர்கள் கலைந்துவிடுவார்கள் அல்லவா?

“வண்டியக் கூப்பிடுடா. நெஞ்சு மேல யாரோ உக்காந்திருக்கான்.”

“அஞ்சு மணி ஆகட்டும்ணே. அதுக்குள்ள உங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா எல்லா ஓட்டும் குப்பைக்குப் போயிரும்.”

அண்ணன் தலையை நிமிர்த்தினார். “எத்தனை சதவீதம்டா?”

“எழுபதைத் தாண்டிருச்சு.”

அந்த வலியிலும் முகம் மலர்ந்தது. “அப்பப் பொறுத்துக்கிறேன்.”

இதைக் குறித்துக்கொள்ளுங்கள், ஐயா. அவர் சம்மதம் இருந்தது.

ஐந்து மணிக்கு எதிர்ப் பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடியில் மணி அடித்தது. அண்ணன் கண்ணைத் திறந்து, “முடிஞ்சுதா? கூப்பிடுடா” என்றார். “இதோண்ணே” என்று செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் போனேன். யாரையும் அழைக்கவில்லை. டோக்கன் வாங்கியவர்கள் இன்னும் வரிசையில் நின்றார்கள். அவர்கள் போட்டு முடிக்காமல் வாக்குப்பதிவு முடிந்ததாகாது. விதியை எழுதியவனே அதை மீறலாமா?

கடைசி ஆளாக அண்ணி வெளியே வந்தார், விரலில் மையோடு. கேட்டைச் சாத்திப் பூட்டினார்கள். அதற்குப் பிறகு அண்ணன் எப்போது இறந்தாலும் ஒரு வாக்குகூட வீணாகாது. அப்போதே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னதாகச் சொல்கிறீர்கள். மறுக்கவில்லை. மூச்சு நன்றாகவே வந்துகொண்டிருந்தது. அதுதான் சிக்கல்.

அண்ணி கதவைத் தட்டினார். “இப்ப எப்படி இருக்காரு?”

“தூங்குறாரு, அண்ணி. எழுப்ப வேண்டாம்.”

அண்ணியின் குரல் கேட்டதும் அண்ணன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். கொடிக் கட்டிலிருந்து ஒன்றை உருவி நாலாக மடித்தேன். சின்னம் கசங்காமல் உள்பக்கமாக வைத்துத்தான் அவர் முகத்தில் அழுத்தினேன். கதவுக்கு அந்தப் பக்கம் அண்ணி மெதுவாக நடக்கும் சத்தம் கேட்டது, தூக்கம் கலையக் கூடாதென்று.

அண்ணன் ஜெயித்துவிட்டார், ஐயா, பெரிய வித்தியாசத்தில். பதவியேற்பு நாளைக் காலை பத்து மணிக்கு. தாமதமாகப் போய் எனக்குப் பழக்கமில்லை.