சத்யா, இங்க பாரும்மா

அந்த பிங்க் கலர் கேமரா வேணாங்கண்ணா, உள்ளயே வெச்சுருங்க. இல்ல, எடுத்துட்டு வந்தவரு மேல தப்பு இல்ல, நீங்க சொன்னதத்தான அவரு செஞ்சாரு. சும்மா பாத்துட்டுப் போக வந்திருக்கா, அந்த பிங்க்க காட்டி அனுப்புன்னு சொன்னீங்களே. ஆமா, கன்னடத்துலதான் சொன்னீங்க. நான் ஜூஜுவாடிண்ணா, ஓசூர் பார்டரு. எங்க தெருவுல குழாயடிச் சண்டையே மூணு பாஷைல நடக்கும். அடுத்த வாட்டி இந்திக்கு மாறிக்குங்க, அதுல நான் கொஞ்சம் வீக்கு.

பரவால்லண்ணா, மொகத்த அப்படி வெச்சுக்காதீங்க. எனக்கு எஸ்எல்ஆர் வேணும். டிஜிட்டல் எஸ்எல்ஆர், லென்ஸ கழட்டி மாட்றது. தம்பிக்கா? தம்பி இல்ல. அண்ணனும் இல்ல. வீட்டுக்காரரும் இன்னும் யாரும் மாட்டல. எனக்குத்தாங்க. நம்பறதுக்கு கொஞ்சம் டைம் எடுத்துக்குங்க, எனக்கு அவசரம் இல்ல.

உண்மையச் சொன்னா நான் இவ்ளோ பேசவே மாட்டேன். எங்க ஆபீஸ்ல வந்து கேட்டுப் பாருங்க, அந்தப் பொண்ணுக்கு வாய் இருக்கான்னுதான் கேப்பாங்க. இன்னிக்கு பஸ்ல வர்றப்பவே மனசுக்குள்ள பேசிப் பாத்துட்டு வந்தேன். அத்திப்பள்ளி ட்ராஃபிக் இருக்கே, ஒத்திகைக்குன்னே விட்டு வெச்ச மாதிரி.

சின்ன டிஜிட்டல்லயே எல்லாம் எடுக்கலாம்னு சொல்றீங்க. எடுத்துப் பாத்துட்டேண்ணா. நான் சிப்காட்ல ஒரு கம்பெனில, குவாலிட்டி செக்ஷன். பிஎஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சுட்டு ரிஜெக்ட் ஆன பார்ட்ட போட்டோ எடுத்து மெயில் அனுப்பற வேல. அந்த ஆபீஸ் கேமராவ பரமசிவம் சார்கிட்ட கெஞ்சி ஒரு ஞாயித்துக்கெழமைக்கு வாங்கிட்டுப் போனேன். பட்டன அமுக்குனா அது ஒடனே எடுக்காது. யோசிக்கும். எடுக்கட்டுமா வேணாமான்னு வீட்டுல ஒரு வார்த்த கேட்டுட்டு வரும் போல. ரிஜெக்ட் பார்ட்டுக்கு அது போதும், எங்கயும் ஓடிப் போவாது. கபடி ஓடுதே.

அன்னிக்கு என்னென்ன விழுந்துச்சுன்னா, அம்பயரோட வயிறு. வெறும் மண்ணு. அப்புறம் ஒரு ஜடை, அதுலயும் பாதி. அந்தப் பாதி ஜடை எங்கக்காவுது. சத்யப்ரியான்னு பேரு. ஓசூர் கிளப்புல பாடிப் போறவ அவதான்.

பொம்பளைங்க கபடிதாண்ணா. ஏன், எங்களுக்கு மூச்சு கெடையாதா.

அவ பாடிப் போறதப் பாத்தா ஒண்ணுமே தெரியாது. கீழ கம்மல் விழுந்துருச்சு, தேடறேங்கற மாதிரி கோட்டத் தாண்டிப் போவா. அந்தப் பக்கத்துப் பொண்ணுங்க சரி, இவ சும்மாதான் நிக்கறான்னு நெனைக்கறப்ப ஒரு கால் நீளும். தொட்டுருவா. அப்புறம் அவ்ளோ பேரும் பாய, இவ ஒருத்தியோட கைக்கு மேல தாவி நம்ம பக்கம் விழுவா. தாவறப்ப ரெண்டு காலும் தரைல இருக்காது. கண்ண சிமிட்டுனா போச்சு. எனக்கு அதுதாண்ணா வேணும், அந்த ஒண்ணு. இந்த ஞாயித்துக்கெழம கிருஷ்ணகிரில மாவட்ட டீமுக்கு ஆள் எடுக்கற மேட்ச்சு. அதுல எடுத்தாத்தான் உண்டு. அதுக்கப்புறம் அவ ஆடறதுக்கு வழியே இல்ல. அத அப்புறம் சொல்றேன்.

ஆக்‌ஷன்னா இந்த பெரிய லென்ஸ்தானா? இது கேமராவுக்கு லென்ஸா, லென்ஸுக்கு கேமராவாண்ணா? மாடு மேய்க்கற கோல்ல பாதி நீளம் இருக்கு. நான் கோட்டுக்கு வெளிய சம்மணம் போட்டு ஒக்காந்தா அவ கால் தூசி என் மேல விழும். அங்கருந்து இத மாட்டிப் பாத்தா எங்கக்கா மூக்குத்தி மட்டும் தெரியும். மேட்ச்சு ஆரம்பிக்கறதே பொழுது சாயறப்ப, சீஃப் கெஸ்ட் சாப்ட்டுத் தூங்கி எந்திரிச்சு வரணுமில்ல. அப்புறம் மூங்கில்ல கட்டுன ஃபோகஸ் லைட்டுதான். நீங்க காட்ற லென்ஸ் பூரா அந்த வெளிச்சத்துல கண்ண இடுக்கிக்கிட்டுப் பாக்கும். எங்கக்கா ஊதுபத்திப் பொக மாதிரி விழுவா.

எங்க கத்துக்கிட்டேனா? பிரவுசிங் சென்டர்ல. அமெரிக்காவுல அப்பனுங்க எல்லாம் கூடி எழுதறாங்க, எம்பொண்ணு கால்பந்து ஆடறா, எந்த லென்ஸ் வாங்கறதுன்னு. ஒருத்தரு கேட்டா முப்பது பேரு பதில் சொல்றாங்க, முப்பது பேரும் சண்ட போட்டுக்கறாங்க. அவங்க பொண்ணுங்க ஓடற கிரவுண்டுல புல்லு இருக்குண்ணா. எங்க கிரவுண்டுல மேட்ச்சுக்கு முன்னாடி கல்லு பொறுக்கறதே வார்ம்அப்பு. ஆனா ஒரு விஷயத்துல மட்டும் அத்தன பேரும் ஒத்துப் போறாங்க. கேமரா பாடில காசக் கொட்டாத, லென்ஸப் பாரு. அதனால அந்த மூலைல பழைய மாடல்னு ஒதுக்கி வெச்சிருக்கீங்களே, அத எடுங்க. அதோட அம்பது எம்எம் லென்ஸ், ஒண்ணு பாயிண்ட் எட்டு, கம்மி வெளிச்சத்துக்கும் தாங்கும். குட்டியா இருக்குமே, அதேதான். ஜூம் இல்லைன்னா என்ன, எனக்கு முட்டி இருக்கு, நகந்துக்கறேன்.

மெகா பிக்சல் கம்மிதான், தெரியும். அதிகமா இருந்தா எங்கக்கா இன்னும் ஒசரமா தாவுவாளா?

ட்ரைபாட் ஃப்ரீயா. வேணாண்ணா, ஆடறவங்க மேல வந்து விழுந்தா அதுக்கு மூணு கால் ஒடையும், எனக்கு ரெண்டோட போவும். ஃப்ளாஷா? ஐயோ, அது வேணவே வேணாம். ஃப்ளாஷால எங்க வீட்டுல ஏற்கனவே ஒரு கல்யாணம் நிச்சயமாயிருச்சு.

சிரிக்காதீங்க, நெசமாத்தான். எங்க ஊர்ல கோவிந்தப்பன் ஸ்டுடியோன்னு ஒண்ணு. எங்கக்கா சடங்குலருந்து எல்லாமே அவருதான் எடுத்தாரு. போன வருஷம் ஃபைனல்ல சீஃப் கெஸ்ட்டு பொன்னாட போத்தறத எடுக்கத்தான் அவரக் கூப்ட்டிருந்தாங்க. போத்தி முடிச்சாச்சு, ஃபிலிம் ரோல்ல மிச்சம் இருக்கு. மனுசன் கோட்டுப் பக்கத்துல வந்து நின்னாரு. அக்கா அந்தப் பக்கம் போயி ரெண்டு பேரத் தொட்டுட்டா. திரும்பித் தாவணும், அவ்ளோதான் பாக்கி, கப்பு நம்முளுது. இவரு சத்தமா, சத்யா, இங்க பாரும்மா.

அவ பார்த்துட்டாண்ணா. சடங்குல, ஒறம்பற சனத்தோட கல்யாணத்துல, எங்க போனாலும் அந்தக் கொரல் கேட்டா தலைய நிமித்தி, தாடைய எறக்கி நின்னு பழகுனவ. ஒடம்பு அதுவாத் திரும்பிருச்சு. பளீர்னு ஃப்ளாஷு. ஏழு பேரும் மேல விழுந்தாங்க. கப்பு போச்சு. அவரு வந்து, நல்லா விழுந்திருக்கும்மான்னாரு. போட்டோவத்தான் சொன்னாரு.

நல்லாத்தான் விழுந்திருந்துச்சு, அதான் கொடும. மூஞ்சி அப்படி ஒரு அழகு. சுத்தி இருந்த கையெல்லாம் கம்ப்யூட்டர்ல அழிச்சாரு. பனியனுக்கு மேல புடவை போட்டாரு. பின்னால ஒரு அருவி. அப்புறம் எங்கம்மாகிட்ட, ஜாதகத்தோட வெக்கறதுக்கு இதவிட நல்ல படம் அமையாதுன்னு குடுத்தாரு. எங்கம்மாவும் வெச்சாங்க. சாமல்பட்டியில மாப்ள வீட்டுல பாத்துட்டு, பொண்ணு மொகத்துல என்ன ஒரு களைன்னாங்களாம். அது வேர்வைண்ணா.

மாப்ள பேரு மாதவன். நல்லவருதான், கெட்டதா சொல்ல ஒண்ணும் கெடைக்கல, நானும் தேடித்தான் பாத்தேன். அவங்கம்மாதான் நிச்சயத்தன்னிக்கு எல்லார் முன்னாடியும் அக்கா கையப் புடிச்சு வெரல விரிச்சுப் பாத்தாங்க. என்னம்மா, நெகத்த இப்படி ஆம்பளையாட்டம் மொட்ட அடிச்சு வெச்சிருக்கன்னாங்க. கபடிக்கு அப்படித்தான் இருக்கணும். கோட்டுக்குள்ள விடறதுக்கு முன்னாடி அம்பயர் ஒவ்வொரு கையா பாப்பாரு, நெகம் நீட்டிக்கிட்டு இருந்தா வெளியதான். எங்கம்மா அத அவங்ககிட்ட விளக்கிச் சொல்லி, நல்லது செய்யறதா நெனச்சு கபடி வெஷயத்த போட்டு ஒடச்சுட்டாங்க. அவங்களுக்கு அதுவரைக்கும் அருவி மட்டுந்தான தெரியும்.

கத்தல்லாம் இல்லண்ணா, மரியாதையான மனுசங்க. ஆடுன வரைக்கும் சரி, இனி வேணாம், நெகத்த வளத்துக்கோம்மா, மருதாணி வெச்சாத்தான் கைக்கு அழகுன்னாங்க, அவ்ளோதான். ஒரு நெயில் பாலிஷும் குடுத்துட்டுப் போனாங்க. கலரா? இப்ப உள்ள வெச்சீங்களே, அந்தக் கேமரா கலருதான்.

அக்கா என்ன சொன்னாளா? மண்டையாட்டுனா. அன்னிலருந்து நெகம் வளந்துச்சு. வீட்டுல எல்லாருக்கும் ஒரே சந்தோஷம், ஏதோ வீட்டுல பயிரு வெளைஞ்ச மாதிரி. பக்கத்து வீட்டு வெங்கடம்மாள் தெலுங்குல திருஷ்டி வேற கழிச்சாங்க. பாலிஷும் போட்டா. கோச் ஆள் அனுப்புனா தலவலின்னு சொல்லிட்டா. நானும் எதுவும் கேக்கல. எங்க வீட்டுல நான் எங்க பேசறது, கவனிக்கறதோட சரி. சாப்புடறப்ப, துணி மடிக்கறப்ப, அவ வெரலத்தான் பாத்துட்டிருந்தேன்.

ஒரு நிமிஷம் இருங்கண்ணா, வாங்கறதுக்கு முன்னாடி எடுத்துப் பாக்கணும். பிங்க்க எடுத்துட்டு வந்தாரே, அவர கொஞ்சம் ஓடச் சொல்லுங்க. ஓடமாட்டாரா? சரி, டீ எடுத்துட்டு வர்றாருல்ல, வரட்டும். ஆ. ஆ. இங்க பாருங்க. அமுக்குன ஒடனே எடுத்துருச்சு, யாரையும் கேக்கல. டீ ஒரு சொட்டு தம்ளருக்கு வெளிய நிக்குது பாருங்க, காத்துல. சட்டைல விழுந்திருச்சாண்ணா? சாரி. ஆனா படம் நல்லா விழுந்திருக்கு.

இதுவே போடுங்க. பேக் வேணாம், துணிப் பை கொண்டாந்திருக்கேன். பேட்டரி மட்டும் சார்ஜ் ஏத்திக் குடுத்தீங்கன்னா நல்லது, எங்க ஊர்ல கரண்ட் எப்ப வரும் எப்ப போவும்னு கரண்டுக்கே தெரியாது.

அவதான் ஆடலையே, அப்புறம் எதுக்கு இப்பவே வாங்கறீங்கன்னு கேக்கறீங்க. நியாயந்தான். நானும் இந்த மாசம் பூரா அதான் நெனச்சு வராம இருந்தேன். மேட்ச்சு நடந்து, அவ வீட்டுல ஒக்காந்திருந்தான்னா, கேமராவ வெச்சு நான் என்ன பண்றது, மறுபடி ரிஜெக்ட் பார்ட்டுதான்.

இல்ல, அவ எதுவும் சொல்லலண்ணா. நானும் கேக்கல. காலைல பஸ்ஸுக்குக் கெளம்பறேன், எங்கம்மா உள்ள தோசை ஊத்திட்டிருந்தாங்க. அக்கா பின்வாசல்ல பேப்பர விரிச்சுப் போட்டு, பத்து வெரல் நெகத்தையும் ஒட்ட வெட்டிட்டிருந்தா.